கேட்காதவரின் பங்கு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறோம்.

    

இவ்வாண்டின் வரவு செலவுக் கணக்கைச் சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் வாசித்தளித்தார்கள். மின்கட்டணம், மையவாடிச் சுற்றுச்சுவர், மக்தப் மதரஸா ஆசிரியர்களின் ஊதியம், நோன்புக் கஞ்சி, ஃபித்ரா விநியோகம் என ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறாத ஒரு செய்தி உண்டு. நமது மஹல்லாவில் இன்றிரவு எத்தனை வீடுகளில் அடுப்பு முறையாக எரியும், எத்தனை வீடுகளில் வெறும் சோற்றில் நீரூற்றி உப்பிட்டு உண்டுவிட்டுப் படுப்பார்கள் என்பதே அச்செய்தி. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறவே உங்கள் முன் நிற்கிறோம்.

"நம் மஹல்லாவில் பசியா? அரிசிதான் விலையில்லாமல் கிடைக்கிறதே!" என்று பலரும் எண்ணக்கூடும். நாமும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நமது எண்ணத்தை மாற்றிய இரண்டு நிகழ்ச்சிகளை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம்.

அடுப்பு எரியாத ரமளான்

முதலாவது, 2020-ஆம் ஆண்டின் ரமளான். கொரோனா ஊரடங்கினால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. தராவீஹ் இல்லை, இஃப்தார் இல்லை. நம் நினைவுக்கு எட்டிய காலம் வரை ஓராண்டும் தவறாமல் அடுப்பேறிய கஞ்சிச் செம்பு அவ்வாண்டு கவிழ்ந்தே கிடந்தது. நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு ஒதுக்கி வரும் பச்சரிசி அவ்வாண்டும் வந்தது. கஞ்சியாகக் காய்ச்சாமல் அரிசியாகவே வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நமது இளைஞர்கள் பைகளைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாக, கதவு கதவாகச் சென்றார்கள்.

அப்பொழுதுதான் நமக்கு ஓர் உண்மை தெரியவந்தது. கஞ்சி வரிசையில் ஒருநாளும் நாம் கண்டிராத வீடுகளின் கதவுகள் திறந்தன. ஒரு காலத்தில் கப்பலிலும் கடையிலும் பொருளீட்டி, பிறருக்குக் கொடுத்து வாழ்ந்த குடும்பங்கள் அவற்றுள் இருந்தன. கணவரை இழந்த பின் பிள்ளைகளோடு தாய்வீட்டின் பின்கட்டில் ஒதுங்கியிருந்தவர்கள் இருந்தனர். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம் நின்றுபோனதைப் பக்கத்து வீட்டாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த முதியோர் இருந்தனர். பையை வாங்கிக்கொண்ட ஒரு லாத்தா, கொண்டு சென்ற பையனிடம் மெல்லிய குரலில், "தம்பி, பள்ளியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்" என்றார்களாம். அவ்விளைஞர் அன்றிரவு நம்மிடம் வந்து அதைச் சொன்னபோது, எத்தனை ரமளானில் அந்த வீட்டுக் கதவை நாம் தட்டாமல் கடந்து போயிருக்கிறோம் என்று எண்ணித் தலைகுனிந்தோம்.

திருக்குர்ஆனின் அல்மஆரிஜ் அத்தியாயத்தில், நல்லடியார்களின் செல்வத்தில் இருவகையினருக்கு அறியப்பட்ட உரிமை உண்டு என்று இறைவன் அறிவிக்கின்றான். ஒருவர் ஸாயில், அதாவது கேட்பவர். மற்றவர் மஹ்ரூம், அதாவது இழந்து நிற்பவர். தன்மானத்தினால் வாய் திறந்து கேட்காதவர் என்று இந்த இரண்டாமவரை விளக்கிய விரிவுரையாளர்கள் பலர். உலமாப் பெருமக்கள் இதனை நம்மைவிட நன்கு அறிவார்கள். கேட்பவர் நம் வாசலுக்கு வந்துவிடுகிறார். கேட்காதவரின் வாசலுக்கு நாம்தான் செல்லவேண்டும். அவருக்குச் சேர வேண்டியது நம் தயவு அன்று, அவரது ஹக்கு.

மழை கற்பித்த பாடம்

இரண்டாவது நிகழ்ச்சி, 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். நமது மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையினும் மிகுதியான நீர் ஒரே நாளில் காயலில் கொட்டித் தீர்த்தது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரைபுரண்டது. பாலங்களும் இருப்புப் பாதையும் அரிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். அருகிலிருந்த புதுக்குடி ஊரார் தங்களிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்கு உணவளித்ததை நாடே அறியும்.

அந்த நாட்களில் பணம் உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றானார்கள். கையில் பணம் இருந்தது, கடை திறக்கவில்லை. கடை திறந்தபோது பால் இல்லை. அடுக்குமாடி வீட்டில் இருந்தவரும் ஹெலிகாப்டர் போடும் பொட்டலத்தை அண்ணாந்து பார்த்தார். வாழைத் தோட்டங்களும் வயல்களும் நீரில் மூழ்கின. துறைமுகத்தின் கிடங்குகளில் பொருள் குவிந்திருக்கும் ஊரில், ஒரு குழந்தைக்குப் பால் மாவு தேடி இளைஞர்கள் இடுப்பளவு நீரில் அலைந்தார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எனப் பாராமல் எங்கே அடுப்பு எரிந்ததோ அங்கே எல்லோருக்கும் சோறு கிடைத்தது.

அந்த மூன்று நான்கு நாட்கள் நாம் அனைவருமே மஹ்ரூம்களாக இருந்தோம். வெள்ளம் வடிந்தது, நாம் நம் நிலைக்குத் திரும்பினோம். ஆனால் சில வீடுகளில் அந்த வெள்ளம் வடிவதே இல்லை. ஆண்டு முழுவதும் கடை திறந்திருந்தும் அவர்களுக்கு அது மூடிய கடைதான்.

பொருள் இருந்தும் பசி

பொருள் இல்லாததால் மட்டுமே பசி வருவதில்லை. இக்கருத்து நமக்குப் புதியது அன்று. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மடிந்தார்கள். பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றது உண்மைதான். ஆயினும் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், 1981-இல் வெளியிட்ட தமது ஆய்வு நூலில், பஞ்சமில்லாத 1941-ஆம் ஆண்டைவிட 1943-இல் வங்காளத்தின் தானிய இருப்பு குறைவாக இருக்கவில்லை என்று கணக்கிட்டுக் காட்டினார். போர்க்காலச் செலவினால் விலை ஏறியது. நகரத்தில் இருந்தோர் வாங்கினர். நாட்புறத்துக் கூலிகளும் மீனவர்களும் கைவினைஞர்களும் வாங்கும் சக்தியை இழந்தனர். எதிரியின் கையில் அகப்படக் கூடாதென்று படகுகள் பறிக்கப்பட்டதால் மீனவர்கள் பிழைப்பையே இழந்தார்கள். தானியம் இருந்தது, அதைப் பெறும் உரிமை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

நமது கடற்கரைக்கும் இவ்வுண்மை பழையதே. முத்துக்குளித்துறை என்று உலகமெங்கும் பெயர் பெற்ற கடல் இது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி. எஞ்சியது அரசாங்கத்தின் ஏலத்திற்கு. முத்து அயல்நாட்டுக் கழுத்துகளை அலங்கரித்தது. மூழ்கியவரின் வீட்டில் கஞ்சிதான் காய்ந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்து முடிந்தது. முத்து போய்விட்டது, முறை போகவில்லை. இன்று அதிகாலையில் புறப்பட்டு இரவில் கரை திரும்பும் நமது விசைப்படகுகள் கொண்டுவரும் இறாலும் கணவாயும் நண்டும் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குச் செல்கின்றன. சீலாவும் பாறையும் பெட்டிகளில் ஐஸ் இட்டு வெளியூர் லாரிகளில் ஏறுகின்றன. ஏழைக்கென்று எஞ்சியிருந்த சாளையிலும் ஒரு பகுதி மீன்மாவு ஆலைகளுக்குப் போகிறது. ஏற்றுமதியை நாம் குறை கூறவில்லை. அது பல்லாயிரம் பேருக்குப் பிழைப்பு. கடலை வாசலில் வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளும் மீன் வாங்க இயலாத வீடு நம் தெருவில் இருக்கலாமா என்பதே நமது கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டுமே கரைக்கு வரும். அந்நாட்களில் விலை எங்கே நிற்கும் என்பதைத் தாய்மார்கள் நன்கறிவார்கள்.

அரிசியும் அதற்கு மேலும்

நன்றி மறப்பது முறையன்று. பசியைப் போக்குவதில் தமிழகம் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. காமராஜர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு 1956-இல் நமது மாவட்டத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் நியாய விலைக் கடையில் கிடைக்கின்றன. ஆகவே, அக்காலத்தைப் போல் ஒருவேளைச் சோற்றுக்கே வழியற்ற பசி பெரும்பாலும் ஒழிந்தது என்று துணிந்து கூறலாம்.

ஆனால் வயிறு நிறைவது வேறு. உடம்பு தேறுவது வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு அதே நிலை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். அரிசி தாராளமாகக் கிடைக்கும் மாநிலத்தின் கணக்கு இது. வெறும் சோறும் புளித்தண்ணீரும் உண்ணும் வீட்டில் பசி வெளியே தெரிவதில்லை. அது தாயின் வெளுத்த முகத்திலும், பிரசவத்தின்போது ஏற்றப்படும் இரத்தத்திலும், வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையிடத்திலும் தெரிகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கிவிட்டு, மூன்று வேளையும் சோற்றையே உண்ணும் முதியோரிடத்திலும் தெரிகிறது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். நோன்புக் கஞ்சி வெறும் அரிசிக் கஞ்சியா? அதில் பாசிப்பருப்பு இருக்கிறது, வெந்தயமும் பூண்டும் இருக்கின்றன, இறைச்சி இருக்கிறது, தேங்காய்ப்பால் இருக்கிறது. பகலெல்லாம் பசித்திருந்தவருக்கு எது வேண்டும் என்று அறிந்து வைத்த பக்குவம் அது. அரசு அதற்கு அரிசி தருகிறது. மற்றவை அனைத்தையும் ஜமாஅத் இடுகிறது. ஆண்டு முழுவதற்கும் இதுவே முறையாக இருக்கட்டும் என்கிறோம். அரிசி அரசிடமிருந்து வரட்டும். பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் நாம் இடவேண்டிய பங்கு.

இவற்றைத் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. சாளையும் நெத்திலியும் விலை குறைந்தவை; சத்தில் எந்தப் பெரிய மீனுக்கும் தாழ்ந்தவை அல்ல. முள்ளோடு உண்ணும் சிறு மீனில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீன் ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் கடற்கரை எங்கும் உண்டு. விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் கம்பும் சோளமும் பயறும் விளைகின்றன. உடன்குடிக் கருப்பட்டி நம் பக்கத்துச் சரக்கு. முருங்கை நம் கொல்லையிலேயே நிற்கிறது. முருங்கைக் கீரையோடு சிறிது எலுமிச்சை சேர்த்தால் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அச்சத்து சேர்வது குறையும். காசு செலவில்லாத இந்தச் செய்தியைக் கூட நாம் நம் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தோமில்லை.

நாம் செய்த பிழை

இங்கே நமது குறை ஒன்றையும் ஒளிக்காமல் கூறவேண்டும். கடந்த ஆண்டுகளின் ஆண்டறிக்கை மலர்களைப் புரட்டிப் பாருங்கள். அரிசி மூட்டையின் ஒரு முனையை நிர்வாகிகள் பிடித்திருக்க, மறுமுனையை ஒரு தாய் முகத்திரையோடு பிடித்திருக்கும் படங்களை நாமே அச்சிட்டிருக்கிறோம். கொடுத்தவரின் பெயர் கீழே இருக்கிறது. வாங்கியவரின் பெயர் இல்லைதான். ஆனால் அந்தப் புர்காவையும் அருகில் நிற்கும் பிள்ளையையும் இந்த மஹல்லாவில் அறியாதவர் யார்? அப்பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் செல்லவேண்டுமே! கொடுப்பதை ஊக்குவிக்க என்று நாம் எண்ணிச் செய்தது, கேட்க வந்தவரையும் கேட்காதவராக ஆக்கிற்று. வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியாவண்ணம் தர்மம் செய்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்க, நாம் ஊரறியப் படம் பிடித்தோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக. இம்மலரில் அத்தகைய படம் ஒன்றும் இடம்பெறாது. இனியும் இடம்பெறலாகாது.

மற்றொரு குறையும் உண்டு. நமது ஃபித்ரா அரிசி முழுவதும் பெருநாள் இரவு ஒன்றில் சென்று குவிகிறது. ஒரே வீட்டிற்கு நான்கு பேர் கொடுக்கிறார்கள்; அடுத்த வீட்டிற்கு ஒருவரும் கொடுப்பதில்லை. குவிந்த வீட்டில் மிஞ்சியது குறைந்த விலைக்குக் கடைக்குப் போகிறது. கையில் அரிசி இருந்தும் பருப்பு வாங்கக் காசில்லாதவர் வேறென்ன செய்வார்? கொடுத்தவருக்குக் கடமை நிறைவேறியது. பெற்றவருக்குத் தேவை நிறைவேறவில்லை.

கலீஃபா உமரின் பதிவேடு

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் மதீனாவைக் கடும் பஞ்சம் பீடித்தது. சாம்பல் ஆண்டு என்று வரலாறு அதைக் குறிக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பிற மாகாணங்களிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். மக்கள் நெய் உண்ணும் காலம் வரும் வரை தாமும் நெய்யைத் தொடுவதில்லை என்று இருந்தார்கள். இதைப் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அவர்கள் ஏற்படுத்திய 'திவான்' எனும் பதிவேட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. யார் யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்று பெயர் பெயராக எழுதி வைக்கப்பட்ட ஏடு அது. இரக்கம் மட்டும் இருந்தால் போதாது, ஏடும் வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள்.

நமது கடற்கரையிலேயே கீழக்கரை வள்ளல் சீதக்காதி இருந்தார். நெல்லைப் பொன்னைப் போல் நிறுத்து விற்ற பஞ்ச காலத்திலும் அவர் வாசலில் சோறு கிடைத்தது என்பதைப் படிக்காசுப் புலவரின் பாடல் வழியே தமிழுலகம் அறிந்திருக்கிறது. அத்தகைய வள்ளல் ஒருவர் இன்று நமக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வீடு சந்தா வாங்கும் ஜமாஅத் இருக்கிறது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது அரசு அலுவலரைவிட நமக்குத்தான் தெரியும்.

நாம் முன்வைக்கும் யோசனைகள்

ஆகவே, இப்பொதுக்குழுவின் முன் சில யோசனைகளைத் தீர்மானமாக வைக்கிறோம்.

முதலாவதாக, மஹல்லாவின் எல்லா வீடுகளையும் ஒருமுறை சென்று கண்டு ஓர் ஏடு எழுதுதல். இப்பணியைத் தாய்மார்களே செய்யவேண்டும். ஆண்கள் வாசலில் நின்று கேட்டால் உண்மை வராது. அடுக்களைக்குள் செல்லும் பெண்ணுக்குக் கேளாமலே தெரிந்துவிடும். அந்த ஏடு இமாம் அவர்களிடமும் இரு தாய்மார்களிடமும் மட்டும் இருக்கவேண்டும். நிர்வாகிகளாகிய நாம் கூடப் பெயர்களைப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணிக்கை தெரிந்தால் போதும்.

இரண்டாவதாக, சட்டப்படி சேர வேண்டியதை முதலில் பெற்றுக் கொடுத்தல். தனித்து வாழும் பெண்ணின் பெயர் இன்னும் பழைய வீட்டு அட்டையிலேயே இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். முதியவரின் விரல் ரேகை பதியாமல் திரும்பி வருவதையும் கண்டிருக்கிறோம். அத்தகையோருக்காகப் பிரதிநிதி ஒருவர் சென்று பொருள் வாங்கும் ஏற்பாடு உண்டு. முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டிற்கே பொருள் கொண்டு தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் முதல் நடைபெறுகிறது. கருவுற்ற சகோதரிகள் அங்கன்வாடியில் பதிந்தால் சத்துமாவு கிடைக்கும். கௌரவம் கருதி அங்கே செல்லாதிருப்போர் நம்மில் பலர். அரசு தருவது பிச்சையன்று; நாம் கட்டும் வரியிலிருந்து வரும் நமது உரிமை. நமது அலுவலகத்தில் வாரத்தில் ஒரு மாலை இளைஞர் இருவர் அமர்ந்து இப்படிவங்களை நிரப்பிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவதாக, ஏட்டில் உள்ள வீடுகளுக்கு மாதந்தோறும் அரிசியல்லாத ஒரு பை. துவரம் பருப்பு, பாசிப்பயறு, முப்பது முட்டை, கருப்பட்டி, நல்லெண்ணெய் அதில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை மீனுக்கு ஒரு சீட்டு. நம் தெருவுக்குக் கூடை சுமந்து வரும் மீன்காரப் பெண்மணியிடம் அச்சீட்டைக் கொடுத்து யாரும் வாங்கலாம். ஜமாஅத் அவருக்குப் பணம் செலுத்திவிடும். அவரும் கடற்கரையில் கடனுக்கு மீனெடுத்து விற்கும் ஏழைதான். சீட்டு உள்ளவரும் காசு உள்ளவரும் ஒரே கூடையில் வாங்கும்போது யார் எதைக் கொடுத்தார் என்பது தெருவுக்குத் தெரியாது.

நான்காவதாக, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒவ்வோராண்டும் செப்டம்பர் மாதத்திலேயே, பள்ளிவாசலின் மேல்மாடியில் ஒரு வாரத்திற்கான அரிசி, பருப்பு, பால்மாவு, குடிநீர், எரிவாயு உருளை ஆகியவற்றைச் சேமித்து வைத்தல். கீழ்த்தளத்தில் வைத்தால் என்னவாகும் என்பதை 2023 நமக்குக் காட்டிவிட்டது. மழை வராமல் போனால், அல்ஹம்துலில்லாஹ், அப்பொருள் ரமளான் கஞ்சிக்கு ஆகும்.

ஐந்தாவதாக, வலீமா விருந்துகள். செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நாமோ மூன்று வகை இறைச்சி சமைத்து, மீந்ததை வாய்க்காலில் கொட்டுகிறோம். ஒவ்வொரு நிகாஹ் பதிவின்போதும், விருந்துச் செலவில் ஒரு சிறு பங்கை இந்தப் பைக்கு அளிக்குமாறு வீட்டாரைக் கேட்டுக்கொள்ளலாம். கட்டாயம் வேண்டாம், கேட்டாலே கொடுப்பார்கள்.

சில ஐயங்கள்

"எல்லாவற்றையும் கொடுத்தால் உழைக்கமாட்டார்கள்" என்று ஒரு பெரியவர் நம்மிடம் கூறினார். நியாயமான அச்சம்தான். ஆனால் ஏட்டில் வரப்போகிறவர்கள் யார்? கணவரை இழந்தவர், நோயாளி, முதியவர், பாலூட்டும் தாய், பள்ளிப் பிள்ளை. இரத்தசோகை உள்ளவரை உழைக்கச் சொல்வதைவிட, உழைப்பதற்குரிய இரத்தத்தை அவர் உடம்பில் ஊறச் செய்வதே அறிவுடைமை.

"ஸக்காத் பணத்தை இப்படிச் செலவிடலாமா?" என்பது மற்றோர் ஐயம். எதை ஸக்காத்திலிருந்து செய்யலாம், எதை ஸதகாவிலிருந்து செய்யவேண்டும் என்பதை உலமாக்கள் முடிவு செய்து எழுதித் தரட்டும். அதன்படியே நடப்போம். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம்மில் ஃபித்ரா அரிசியாகவே கொடுக்கப்படுவதை மாற்றச் சொல்லவில்லை. ஏட்டைப் பார்த்து எல்லா வீடுகளுக்கும் சீராகப் பங்கிடலாம் என்றே கூறுகிறோம்.

"நம்மவர்க்கு மட்டுமா, பிற சமயத்தவர்க்குமா?" என்றும் கேட்கிறார்கள். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவர் இறைநம்பிக்கையாளர் ஆகார் என்று கற்பித்த நமது நாயகம் (ஸல்) அவர்கள், அந்த அண்டை வீட்டார் எச்சமயத்தவர் என்று வரையறை செய்யவில்லை. வெள்ளத்தின்போது நமக்கு யார் சோறு தந்தார் என்று நாம் பார்க்கவில்லையே! துறைமுகத்திலும் கட்டடப் பணியிலும் உழைக்க வந்து, ஜும்ஆவில் நம்மோடு தோள் சேர்ந்து நிற்கும் பீகார், வங்கத்துச் சகோதரர்களும் இந்த ஏட்டில் இருக்கட்டும். அவர்களுடைய ஊர் அட்டைக்கு இங்கேயே தானியம் பெறலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! மையவாடிச் சுவரை உயர்த்தினோம், நல்லது. பள்ளிக்குக் குளிர்சாதன வசதி செய்தோம், அதுவும் நல்லதே. மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் அடுத்த வீட்டின் அடுப்பும் உண்டு. அடுத்த ஆண்டு இதே நாளில் பொருளாளர் அவர்கள் கணக்கு வாசிக்கும்போது, பெயர் எதுவும் இல்லாமல் ஓர் எண் மட்டும் வாசிக்கப்படவேண்டும்: இத்தனை வீடுகளுக்குப் பை சென்றது என்று. அந்த எண் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் கொடுக்க ஆளில்லாமல் நாம் தேடி அலையும் நிலை வரவேண்டும் என்பதே நமது துஆ.

அந்த லாத்தா இன்றும் நம் மஹல்லாவில்தான் இருக்கிறார்கள். யார் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கதவையும் அவர்களுடைய கதவாக எண்ணித் தட்டுங்கள்.

கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் உரியதை உரிய முறையில் கொண்டு சேர்க்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.